புக்கோவா மலையில் ஆடு எத்தனை?

“இதென்னய்யா, வெறும் நானூத்தி இருபத்தொண்ணு?”

நகராட்சித் தலைவர் ராதோயே பதிவேட்டைத் தூக்கி ஓர் உலுக்கு உலுக்கினார். மிச்ச ஆடுகள் பக்கங்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

“புக்கோவா மலையில மேயுறது அவ்வளவுதான் தலைவரே,” என்றார் புள்ளிவிவர எழுத்தர் ஓப்ரென்.

“பக்கத்து நகராட்சிக்காரன் நாலாயிரம்னு அனுப்பியிருக்கானாம். நம்ம மலை அவன் மலையை விட உசரம்!”

“உசரத்துக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

“மானத்துக்கும் ஆட்டுக்கும் சம்பந்தம் இருக்குய்யா. கேக்கறது யாரு? ஐரோப்பா!”

அந்தக் கோடையில் மாண்டினீக்ரோ முழுக்க இதே பேச்சுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் மனுப் போட்டோம். அவர்கள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் கேள்விகளை அனுப்பிவைத்தார்கள். நீதிமன்றம் எப்படி, மீன் எப்படி, குப்பையை எங்கே கொட்டுகிறீர்கள் என்று ஒன்று விடவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும். எழுதியதை நேரில் வந்து சரிபார்ப்பார்கள். அதன் பிறகு உள்ளே இருக்கும் இருபத்தேழு நாடுகளும் தலையாட்ட வேண்டும். ஒருவர் தலையைச் சொறிந்தால்கூட நாம் வாசலில்தான். அவர்களுடைய யூரோவையே எங்கள் ஊர்க் காசாக்கி எப்போதோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம். நாங்கள்தான் இன்னும் வெளியே நின்றோம்.

அந்தக் கேள்விகளில் ஒன்று எங்கள் ட்ரெனோவா நகராட்சிக்கு வந்திருந்தது. தலைவர் ராதோயே அதை மேலோட்டமாகப் படித்துவிட்டு, “ஆட்டுக்கணக்கு கேக்கறாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம்,” என்று அறிவித்துவிட்டார்.

“மேல போய் மறுபடி எண்ணிட்டு வா,” என்றார் இப்போது. “கீழ உன் கையெழுத்துதான் போகப்போகுது. தப்பா இருந்து அவங்க வந்து பார்த்தா, நாடே பொய் சொல்லிச்சுன்னு ஆயிடும்.”

ஓப்ரெனுக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. இருபத்திரண்டு வருடமாக மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஆடு, மாடு, தேன்கூடு என்று எண்ணி எழுதித் தலைநகருக்கு அனுப்பிவரும் மனிதர் அவர். “ஓப்ரென் எண்ணுவார், எலி படிக்கும்” என்று அலுவலகத்தில் கேலி உண்டு. ஒருவரும் கேட்காத கணக்கை முதன்முதலாக ஒரு கண்டமே கேட்கிறது. அதில் ஓர் ஆடுகூடப் பொய்யாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை நகராட்சி ஜீப்பில் மலையேறினார்.

புக்கோவா மலையில் கோடைக்கு ஒன்பது குடிசைகள். முதல் குடிசை மிலோன்யாவுடையது. ஓப்ரென் மகளின் ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர் அவர். எங்கள் ஊரில் அது கூடப்பிறந்த உறவை விடப் பெரிய உறவு. ஒரு கோப்பை ராக்கியாச் சாராயம், ஒரு வட்டம் பாலாடைக்கட்டி, பிறகு இன்னொரு கோப்பை ராக்கியா எல்லாம் முடிந்தபிறகுதான் ஆட்டுப் பேச்சே வந்தது.

“எம்பதுன்னு எழுதிக்கோ,” என்றார் மிலோன்யா.

ஓப்ரென் பட்டியை எட்டிப் பார்த்தார். “இங்க நாப்பது கூட இல்லையே?”

“மிச்சம் மேயுது.”

“எங்க?”

“ஆடு எங்க மேயும்? புல்லு இருக்கற இடத்துல மேயும். உன் மகளுக்கு ஞானத்தகப்பனா நின்னவனையே சந்தேகப்படறியா?”

அடுத்த குடிசை கவ்ரிலோவுடையது. அவருக்கும் மிலோன்யாவுக்கும் ஒரு நீரூற்றைப் பற்றி மூன்று தலைமுறையாகப் பேச்சு வார்த்தை இல்லை.

“மிலோன்யா எத்தனை சொன்னான்?” என்றார் கவ்ரிலோ.

“அதைச் சொல்லக் கூடாதுண்ணே. அரசாங்க ரகசியம்.”

“நல்லது. ரகசியத்தை நானும் மதிக்கறேன். அவன் சொன்னதுக்கு மேல பத்து போட்டுக்கோ.”

மூன்றாவது வீட்டில் கவ்ரிலோவுக்கு மேல் பத்து. நான்காவது வீட்டில் அதற்கும் மேல் இருபது. சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து இருநூறைத் தாண்டியது. அத்தனை ஆடு உண்மையாகவே இருந்தால் மலையில் புல் மிஞ்சாது. குடிசைக் கூரையையும் தின்றிருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஓப்ரென் ஒரு தந்திரம் செய்தார். “கூட்டிச் சொன்னா வரி வந்தாலும் வரும், யோசிச்சுச் சொல்லுங்க,” என்று மிலோன்யாவின் காதில் மட்டும் போட்டார்.

எங்களைச் சோம்பேறிகள் என்று அண்டை நாட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். மனிதன் களைப்பாகவே பிறக்கிறான், ஓய்வெடுக்கவே வாழ்கிறான் என்பது எங்கள் வேதமாம். அவர்கள் அன்றைக்குப் புக்கோவா மலைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் எட்டுக் குடிசைக்கும் செய்தி ஓடியிருந்தது.

“ஆடா?” என்றார் கவ்ரிலோ. “எந்த ஆடு?”

அவர் முதுகுக்குப் பின்னால் ‘மே’ என்று சத்தம் கேட்டது.

“அது?”

“அது மிலோன்யாவோட ஆடு. சும்மா பாக்க வந்திருக்கு. ஐரோப்பாவுக்கு நம்ம ஆட்டு மேல என்னய்யா அக்கறை? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு!”

அன்றைய மொத்தக் கணக்கு நாற்பத்தாறு. அத்தனையும் கைம்பெண் ஸ்தானாவுடையவை. அவர் குடிசை மலையின் அந்தப் பக்கம் இருந்ததால் செய்தி போய்ச் சேரவில்லை.

“கேட்டா சொல்றாங்க பாரு கதை. இனி கேக்கறதில்ல, கண்ணால எண்ணப்போறேன்,” என்று புதன்கிழமை பட்டி பட்டியாக இறங்கினார் ஓப்ரென். முதல் பட்டியில் எழுபத்தெட்டு. அதில் இடது கொம்பு ஒடிந்த கிடா ஒன்று அவரை முறைத்துப் பார்த்தது. மூன்றாம் பட்டியிலும் இடது கொம்பு ஒடிந்த கிடா ஒன்று இருந்தது. ஐந்தாம் பட்டியிலும் இருந்தது. இம்முறை அது ஓப்ரெனைக் கண்டதும் பழகியவன் மாதிரி பக்கத்தில் வந்து அவர் காகிதத்தை மோந்து பார்த்தது. அவர் ஒவ்வொரு குடிசையிலும் மறுக்க முடியாமல் காப்பி குடித்து முடிப்பதற்குள், மந்தை பின்பக்கப் பாதையில் அடுத்த குடிசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“இருங்கடா வரேன்,” என்று கீழே இறங்கிப்போய், பள்ளிக்கூட வேலிக்கு அடித்து மிஞ்சிய நீலச் சாயத்தை ஒரு வாளி கொண்டுவந்தார். எண்ணிய ஆட்டின் முதுகில் ஒரு பொட்டு. பொட்டு வைத்த ஆடு மறுபடி எண்ணப்படாது. இதில் எப்படி ஏமாற்றுவார்கள்?

ஏமாற்றவில்லை. பெருமைப்பட்டார்கள். அதுதான் வினையாகப் போனது.

“ஏன் கவ்ரிலோ, உன் ஆட்டுல பாதி பொட்டு இல்லாம இன்னும் வெளியதான் நிக்குது போல?” என்று மிலோன்யா மூன்று தலைமுறை மௌனத்தை உடைத்துக் கத்தினார். “என் ஆடு எல்லாத்தையும் ஐரோப்பா ஏத்துக்கிச்சு!”

வியாழக்கிழமை காலை ஓப்ரென் மேலே போனபோது ட்ரெனோவா கடைகளில் நீலச் சாயம் தீர்ந்துபோயிருந்தது. மலையில் நீலம் இல்லாத பிராணி இல்லை. எண்ணிய ஆடு, எண்ணாத ஆடு, மிலோன்யாவின் காவல் நாய் எல்லாம் நீலம். நாடு சேருவதற்கு முன் நாய் சேர்ந்துவிட்டது.

ஓப்ரென் ஸ்தானாவின் குடிசை வாசலில் இருந்த மரத்துண்டின் மேல் அப்படியே உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க ஒன்பது குடிசைக்காரர்களும் கூடிவிட்டார்கள், ஊரிலிருந்து ஏறிவந்த நாங்கள் சிலரும்தான்.

“என்னப்பா, எழுதிட்டியா?” என்றார் கவ்ரிலோ.

“எழுதிட்டேன்.” ஓப்ரென் நிமிரவில்லை. “ட்ரெனோவாவுல உள்ளதைச் சொல்ல ஒரு ஆளும் இல்ல, அதனால கணக்கும் இல்லன்னு எழுதியிருக்கேன். நாளைக்கு அதைத்தான் தலைநகருக்குக் கொண்டுபோறேன்.”

“யோவ், எங்களைப் பொய்யனுங்கன்னு வெள்ளைக் காகிதத்துல எழுதிக் குடுக்கப்போறியா?”

“வேற என்னண்ணே எழுதறது? இருபத்திரண்டு வருஷமா எண்ணறேன். ஒரு நாள் ஒரு பய ‘உன் கணக்கு சரியா’ன்னு கேட்டதில்ல. இப்பதான் முதல் தடவை கேக்கறாங்க. நம்ம சேந்தாலும் சேராட்டியும் போகட்டும், பொய்யில என் பேரைப் போட மாட்டேன்.”

ஸ்தானா காப்பிப் பாத்திரத்தைத் தொப்பென்று வைத்தார்.

“பீரங்கிக்கு நேரா நின்ன பரம்பரைன்னு கல்யாணத்துல எல்லாம் பாடுவீங்களே! நாலு ஆட்டுக்கு நேரா நின்னு நிஜத்தைச் சொல்ல முடியல. தூ!”

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீம்புக்குப் பொய் சொல்வோம், மறுக்கவில்லை. ஆனால் கோழை என்று சொன்னால் அந்த வார்த்தையோடு ஒரு வேளை சாப்பிட மாட்டோம்.

மிலோன்யா எழுந்து தொப்பியைக் கழற்றினார். “முப்பத்தெட்டு.”

“என்னது?”

“என் ஆடு. மொத்தமே முப்பத்தெட்டு. போன வருஷம் நாப்பது. ரெண்டு வசந்தத்துல செத்துப்போச்சு.”

எல்லோருடைய கண்ணும் கவ்ரிலோ மேல் திரும்பியது. அவர் மீசையை ஒரு பக்கம் இழுத்தார், மறுபக்கம் இழுத்தார். மலையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“முப்பத்தேழு,” என்றார்.

எங்கள் மலையில் துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டியவர்கள் உண்டு, கல்லறையில் பேர் இருக்கிறது. ஆனால் எதிரியை விடத் தன்னிடம் ஒன்று குறைவு என்று எதிரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னவரை அன்றைக்குத்தான் பார்த்தோம். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மிலோன்யா தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “அந்தக் கொம்பொடிஞ்ச கிடா உன்னோடதுதானே?” என்றார் பிறகு.

“ஆமா.”

“ஒம்போது பட்டிக்கும் ஓடிச்சே, அதைச் சேத்தியா?”

கவ்ரிலோ விரல் விட்டு எண்ணினார். “...சேக்கல.”

“அப்ப முப்பத்தெட்டு. ஓப்ரென், சரியா எழுதுய்யா. நாடு சமாச்சாரம்.”

அதற்கப்புறம் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஐம்பத்தொன்று, அறுபத்திரண்டு என்று ஒவ்வொருவரும் எழுந்து நின்று, ஏதோ பதக்கம் வாங்குகிறவர் மாதிரி சொன்னார்கள். ஓப்ரென் கூட்டினார். நானூற்றுப் பத்தொன்பது. பதிவேட்டில் இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டே இரண்டு. அவை மிலோன்யாவின் பட்டியில் செத்தவை. கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்பார்கள். வந்த பிணக்கு அதே கணக்கில் தீர்ந்தும் போனது.

வெள்ளிக்கிழமை ஓப்ரென் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். தலைவர் ராதோயே, “இவ்வளவு கம்மியா அனுப்பறது வெக்கமா இல்லையா?” என்று வாசல் வரை பின்னாலேயே வந்தார்.

“இல்ல தலைவரே,” என்றார் ஓப்ரென். “ரொம்பப் பெருமையா இருக்கு.”

மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குப் பிறகு தலைநகர் பொத்கோரிட்சாவில் இறங்கினார். அமைச்சகத்தின் நடைபாதை முழுக்க இடுப்பு உயரத்துக்குக் கோப்புகள் அடுக்கியிருந்தார்கள். மீன், நீதி, குப்பை, தேன் எல்லாம் ஐரோப்பாவுக்குப் புறப்படத் தயாராக நின்றன. கடைசி மேசையில், கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு யாஸ்னா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கால்நடைக் கேள்விகள் அவள் பொறுப்பு.

ஓப்ரென் காகிதத்தை இரண்டு கையாலும் அவள் முன் வைத்தார்.

“ட்ரெனோவா நகராட்சி, புக்கோவா மலை. நானூத்திப் பத்தொம்பது ஆடு. ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு குறைச்சலும் இல்ல. எப்ப வேணாலும் வந்து எண்ணிப் பாக்கட்டும்மா.”

யாஸ்னா காகிதத்தைப் படித்தாள். அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள்; வருடாவருடம் அவர் அனுப்பிய கணக்குகளைப் படித்துப் பழகிய கையெழுத்து. சட்டென்று எழுந்து நின்று, மேசையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“ஆடு எத்தனைன்னு அவங்க கேக்கவே இல்லையே ஐயா, மலைமேல ஆட்டை எண்ணி உள்ளதை உள்ளபடி எழுத ஒரு ஆள் இருக்காங்களான்னுதான் கேட்டாங்க, நான் போன வாரமே ‘இருக்கார்’னு உங்க பேரைப் போட்டு எழுதிட்டேன்.”