படகுக்கு பிரேக் கிடையாது

படகுக்கு பிரேக் கிடையாது என்பது, படகு கிளம்பி நாலு நிமிஷம் ஆன பிறகுதான் தலைமை நர்ஸுக்கு உறைத்தது.

கார் ஓட்டிப் பழகிய வலது கால், தன்பாட்டுக்குத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. எதிரே படகுத்துறையின் மரமேடை, அவசரமே இல்லாமல் பெரிதாகிக்கொண்டு வந்தது.

“இதை நிறுத்தறது எப்படிங்க?” என்று திரும்பாமலே கேட்டாள்.

பின்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் பதில் சொல்லவில்லை. ஒல்லியான மனிதர். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கல்லில் அடித்த சிலை மாதிரி நின்றார்.

வாயே திறக்கக் கூடாது என்று அவள்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார், நல்ல ஆசிரியர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டு ஓய்வெடுக்கப்போகிறேன் என்று சொன்ன அவள் கணவர், ஓய்வெடுப்பதற்காகப் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கியதில் ஆரம்பித்த வினை இது. படுக்க ஓர் அறை, சமைக்க ஒரு மேடை, இரண்டு இன்ஜின். வெளியே ஓட்டிக்கொண்டு போவதில் அவர் புலி. திரும்பக் கொண்டுவந்து கட்டுவதில் எலி. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்ட அந்த மனிதர், மூன்று வாரத்துக்கு முன்னால் பட்டப்பகலில் படகைக் கொண்டுபோய் மேடையின் முனையில் இடித்தார். இடது பக்கம் ஒரு கை நீளத்துக்குக் கீறல்.

இடித்ததோடு விட்டாரா? முன்னால் கயிற்றோடு நின்ற மனைவியைப் பார்த்து, “நீ கயித்தை ஒழுங்காப் போட்டிருந்தா இது நடந்திருக்குமா?” என்று துறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கைக்குக் கிடைத்த காலி இடத்தில் படகைக் கட்டிவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கப்புறம் அந்தத் திக்கிலேயே தலைவைத்துப் படுக்கவில்லை.

நேற்று துறை மேலாளர் போன் செய்தார்.

“நீங்க கட்டியிருக்கிற இடத்துக்கு நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பெரிய படகு ஒண்ணு வருது. அதுக்குள்ள உங்க பதினேழாம் நம்பர்ல கொண்டுபோய்க் கட்டிடுங்க. இல்லேன்னா நாங்களே இழுத்து வெளியில விட்டுடுவோம். அப்புறம் இங்க உங்களுக்கு இடமே கிடையாது.”

போனை வைத்த மறு நிமிஷம் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிஜமான இடுப்பு வலிக்கும், நேரம் பார்த்து வரும் இடுப்பு வலிக்கும் உள்ள வித்தியாசம், இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கழித்தவளுக்குத் தெரியாதா?

“சரி, படுங்க. நானே ஓட்டறேன்” என்றாள்.

“நீயா?” என்று கட்டில் குலுங்கச் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. உடனே படகோட்டும் பள்ளி ஒன்றுக்கு போன் போட்டாள்.

“காலையில பதினொரு மணிக்கு ஆள் வருவார் மேடம்.”

“கத்துற ஆளா?”

“சேச்சே. ரொம்ப அமைதியானவர்.”

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதே வெள்ளைச் சட்டை வந்து நின்றார். தோளில் பை, கையில் நோட்டு.

“படகுக்காரம்மா நீங்கதானே? பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. படகை ஒரு பார்வை…”

“ஏறுங்க, ஏறுங்க. நேரமில்ல. ஒரே ஒரு விஷயம். யாராவது கத்தினா எனக்குக் கை ஓடாது. அதனால நீங்க வாயே திறக்காதீங்க. ரொம்ப அவசியம்னா மட்டும் ரெண்டு வார்த்தை. புரிஞ்சுதா?”

பெரிய பெரிய டாக்டர்களே அந்தக் குரலுக்கு அடங்கிப் பழகியவர்கள். அவர் “புரிஞ்சுது” என்று மட்டும் சொன்னார். மேலே ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

படகு நாலடி நகர்ந்திருக்கும். ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்ட வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் மேடையில் ஓடிவந்து, இரண்டு கையையும் வீசி ஏதோ கத்தினார். அவள் கண்டுகொள்ளவில்லை. இந்தத் துறையில் புத்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

இப்போது மேடை பத்தடியில் வந்துவிட்டது. பிரேக் இல்லை. இரண்டு பிடிகள் இருந்தன, இன்ஜினுக்கு ஒன்றாக. இரண்டையும் சேர்த்துப் பிடித்து அடிவரைக்கும் பின்னால் இழுத்தாள்.

படகு ஒரு உதறு உதறியது. உள்ளே சமையல் மேடையிலிருந்து தட்டுகள் இறங்கி வந்தன. வெள்ளைச் சட்டை அப்படியே முன்னால் வந்து, மறுபடி பின்னால் போனார். படகு நின்றது.

“அப்பாடா!” என்றாள்.

அது அத்தோடு நிற்கவில்லை. போன வேகத்தைவிட அதிக வேகத்தில் பின்பக்கமாகக் கிளம்பியது. பிடியை நடுவில் தள்ளி, மூச்சு வாங்கி, சுற்றிலும் பார்த்தபோதுதான், மோதினால் தாங்குவதற்காக வெளியே தொங்கவிடும் ரப்பர் மிதவைகள் எல்லாம் உள்ளேயே கிடப்பது தெரிந்தது.

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஓடினாள். ஆறு மிதவைகளையும் வலது பக்கம் வரிசையாக, கட்டுப் போடுகிற முடிச்சில் அழகாகக் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் காற்று படகை முக்கால் வட்டம் சுற்றிவிட்டது. இப்போது மற்ற படகுகளைப் பார்த்து நின்றது இடது பக்கம். ஆறையும் அவிழ்த்து இடது பக்கம் கொண்டுபோனாள். அவசரத்தில் ஒன்று கைநழுவித் தண்ணீரில் விழுந்து, விடைபெற்றுக்கொண்டு மிதந்து போனது.

வெள்ளைச் சட்டை நோட்டில் என்னவோ எழுதினார்.

‘மார்க் போடறார்’ என்று நினைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

போன் அடித்தது. கணவர்.

“என்ன ஆச்சு? எங்க இருக்க? எதிர்ல என்ன தெரியுது?”

“ஒருத்தர் ஷேவ் பண்ணிட்டிருக்கார்.”

“எவ்வளவு தூரத்துல?”

“எந்தக் கன்னம் பாக்கின்னு தெரியற தூரத்துல.”

“இடது பக்கம் ஒடி! இடது பக்கம்!”

ஒடித்தாள். எந்தப் படகை மனதில் வைத்துக்கொண்டு சொன்னாரோ, அந்த இடது இங்கே சரிப்படவில்லை. பதினாறாம் நம்பர் இடத்தில், தன் படகின் மேல்தளத்தில் கண்ணாடியை மாட்டி நிம்மதியாகச் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகம் நுரையோடு எழுந்தார். ஒரு காலைத் தூக்கி அவள் படகை உதைத்துத் தள்ளினார்.

“அம்மா! இது பதினாறு! பதினேழு பக்கத்துல!”

“தெரியுதுங்க! அங்கதான் போகணும்னு நானும் நினைக்கிறேன்! இதுக்குத்தான் தெரியல!”

அவர் உதைத்த உதையில் படகு துறையின் நடுவுக்கு வந்து, வாசலை மறித்துக்கொண்டு குறுக்கே நின்றது. மணி பதினொன்று நாற்பது. ‘பாஆஆம்’ என்று காது கிழிய ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய பெரிய படகு, இருபது நிமிஷம் முன்னாலேயே வந்து வாசலில் நின்றது. மேடையில் துறை மேலாளர் இடுப்பில் கைவைத்து நின்றார். அவர் பக்கத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் தலையில் கைவைத்து நின்றார்.

போன் ஸ்பீக்கரில் கணவர் வேறு: “என்ன சத்தம் அது? இடிச்சிட்டியா? சொல்லு, இடிச்சிட்டியா? நான் அப்பவே சொன்னேன்!”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இழுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது.

அப்போதுதான் பின்னாலிருந்து வெள்ளைச் சட்டையின் குரல் வந்தது. மெல்லிய, வறண்ட குரல்.

“மேடம்… ஸ்டியரிங் உங்க கையிலதானே?”

அவளுக்குப் பளிச்சென்றது. ஸ்டியரிங் என் கையில். போனில் கத்துகிறவர் கட்டிலில். பின்னே எதற்காக அவர் சொல்படி ஒடிக்கிறேன்?

“ஆமா. என் கையிலதான்” என்றாள் உறுதியாக. போனை அணைத்து இழுப்பறையில் போட்டு மூடினாள். என்ன ஒரு அமைதி!

அவர் எழுதிக்கொண்டார்.

“இடிச்சது எந்தப் பக்கம்?”

“இடது.”

இடது. பதினாறாம் நம்பர் இருக்கிற பக்கமும் அதுதான். அந்தப் பக்கம்தான் கவனம் வேண்டும் என்கிறார். மிதவைகளைப் பார்த்தாள். ஐந்தும் இடது பக்கம்தான் இருந்தன. நல்லது.

“அப்ப வேகம் எவ்வளவு?”

“வேகம்… ஜாஸ்திதான்” என்று ஒப்புக்கொண்டாள். இரண்டு பிடிகளையும் நடுவுக்குக் கொண்டுவந்தாள். படகு தானாக, ஆமை மாதிரி நகர்ந்தது. முட்டினாலும் வலிக்காத வேகம்.

“காத்து எந்தப் பக்கத்திலேர்ந்து அடிச்சுது?”

இத்தனை நேரம் காற்றை யார் பார்த்தார்கள்? துறை அலுவலகத்தின் கூரையில் பறந்த கொடியைப் பார்த்தாள். காற்று வலமிருந்து இடமாக, நேராகச் சவரக்காரர் மீதே தள்ளிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சாய்வான நடைபாதை ஒன்று உண்டு. அதில் நோயாளியின் கட்டிலைத் தள்ளும்போது மேட்டுப் பக்கமாக ஒதுக்கியே பிடிப்பாள். பள்ளம் தானாக இழுத்துக்கொள்ளும். இதுவும் அதுதானே?

கட்டில் என்று நினைத்ததுமே அடுத்ததும் விளங்கியது. ஆறடிக் கட்டிலை லிஃப்டுக்குள் எப்படித் திருப்புகிறோம்? ஒரு கை தள்ளும், ஒரு கை இழுக்கும். இங்கேயும் பிடி இரண்டு. ஸ்டியரிங்கை நேராக விட்டுவிட்டு, இடது பிடியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள், வலது பிடியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள். படகு நின்ற இடத்திலேயே, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி வலது பக்கம் திரும்பியது. வாசல் திறந்தது. பெரிய படகு பக்கத்தில் நழுவி உள்ளே போனது.

“திரும்புது!” என்று கத்தினாள். “பாருங்க, திரும்புது!”

“கயிறு யார்கிட்ட இருந்துது மேடம்?”

ஐயோ, கயிறு! சுருட்டி எடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள். எதையும் மறக்காத மனிதர்!

பிறகு நடந்ததெல்லாம் அவளுக்கு வார்டு வேலை மாதிரியே இருந்தது. மேட்டுப் பக்கமாகப் பதினெட்டை ஒட்டிப் பிடித்தாள். தள்ளினாள், நிறுத்தினாள், காத்திருந்தாள். காற்று படகை மெல்ல இடது பக்கம் இறக்கியது. பதினேழாம் நம்பர் இரண்டு பக்கமும் கையை விரித்து அழைப்பதுபோல வந்தது. கடைசி நாலடியில் பின்னால் ஒரு சின்ன இழுப்பு. ரப்பர் மிதவை மேடையில் பட்டு ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

கயிற்றை வீசினாள். ஆரஞ்சு ஜாக்கெட் பிடித்துக் கட்டிவிட்டு, அவளையும் படகையும் மாறிமாறிப் பார்த்தார். சவரக்காரர் பாதி நுரை காய்ந்த முகத்தோடு கைதட்டினார். துறை மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம். தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

இன்ஜினை அணைத்தாள். தண்ணீர் படகின் அடியில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் தோள்கள் இரண்டும் காது வரை ஏறியிருப்பது தெரிந்து, மெல்ல இறக்கிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கித் தண்ணீரில் போட்டது மாதிரி இருந்தது. கணவரின் அன்றைய கத்தல்கூட இப்போது தூரத்தில், யாருக்கோ நடந்ததாகத் தோன்றியது.

அதற்குள் வெள்ளைச் சட்டை கீழே இறங்கிவிட்டார். ஒரு காலால் மேடையைத் தட்டி, அசையாது என்று உறுதி செய்துகொண்டு, மறு காலையும் வைத்து, அங்கிருந்த கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல” என்றாள் அவள். “ஒரு வார்த்தை திட்டல. இதைச் செய், அதைச் செய்யின்னு சொல்லல. கேள்வியா கேட்டுக் கேட்டு என்னையே கண்டுபிடிக்க வச்சீங்க பாருங்க, அதுதாங்க படிப்பு! என் வீட்டுக்காரருக்கும் நீங்களே சொல்லிக்குடுக்கணும். அடுத்த கிளாஸ் எப்போ வச்சுக்கலாம்?”

அவர் கம்பத்தை விடாமல், நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“கிளாஸா? அதுக்கு வந்தவர் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்காரரா இருக்கும். நான் இன்சூரன்ஸ்லேர்ந்து வந்திருக்கேன் மேடம். ‘என் மனைவிக்குப் படகு ஓட்டவே தெரியாது, அன்னிக்கு ஓட்டி இடிச்சது அவதான்’னு சார் எழுதிக் குடுத்திருக்கார், அதுல ஓட்டத் தெரியாதுங்கறது மட்டும் பொய்யின்னு எழுதிக்கறேன்.”