முப்பது டிகிரி அண்ணையும் மூட்டை சுமந்த மாப்பிள்ளையும்

லண்டன் குளிரை ஜெயித்த மனிதர் இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். நாமெல்லாம் கம்பளி, கையுறை, தைலம் என்று அதன் காலில் விழுந்து சமரசம் பேசியவர்கள். அவர் மட்டும் குளிரை வாசலோடு நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்.

அவருக்கும் பெற்றோர் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது உபயோகப்பட்டதாகத் தெரியவில்லை. எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக்காரப் பேராசிரியர் உட்பட எல்லோருக்கும் அவர் 'முப்பது டிகிரி'. தமிழ் தெரிந்தவர்களுக்கு முப்பது டிகிரி அண்ணை.

பெயர்க் காரணம் எளிது. ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்ட் இருக்கிறதே, அதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்த ஜீவனுக்கு முப்பது டிகிரி வெப்பம்தான் சொர்க்கம். அதற்காகவே எங்கள் கூடத்தில் வருஷம் முழுக்க முப்பது டிகிரியில் ஒரு சூட்டறை உண்டு. உள்ளே ஈஸ்ட் நிரம்பிய குடுவைகள் ஓர் ஆட்டுமேடையின் மேல் இரவும் பகலும் ஆடிக்கொண்டிருக்கும். மற்ற ஆராய்ச்சியாளர்கள் உள்ளே போய் ஐந்தே நிமிஷத்தில் வேர்த்துக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். அண்ணை உள்ளே ஒரு நாற்காலியைப் போட்டுக் குடியேறிவிட்டார்.

நான் திருச்சிக்காரி. கூடத்தின் கம்ப்யூட்டர் கணக்குகளைப் பார்க்க வந்து சேர்ந்தது ஒரு ஜனவரி மாதம். முதல் நாள் விரல் விறைத்து, பாஸ்வேர்டு அடிக்கக்கூட முடியாமல் வராந்தாவில் நின்றேன். ஓர் அறைக்கு வெளியே கொக்கியில் ஐந்து மேலாடைகள் வரிசையாகத் தொங்கின. உள்ளே ஐந்து பேர் கூட்டம் போடுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கினேன். கதவு திறந்தது. அரைக்கைச் சட்டையோடு ஒரே ஒருவர் நின்றார். ஐந்தும் அவருடையவை.

"ஏன் பிள்ளை அங்க நிண்டு நடுங்கிறீர்? உள்ள வாரும். இஞ்ச யாழ்ப்பாணம்."

"நான் திருச்சிங்கண்ணா."

"அதுக்கும் இடம் இருக்கு. முதல்ல கதவைச் சாத்தும்."

கதவு விஷயத்தில் அண்ணை மகா கொடுமைக்காரர். ஜெர்மனியிலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானியைப் பேராசிரியர் அழைத்து வந்தார். அந்தப் பெரியவர் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றபடியே ஏதோ கேள்வி கேட்டார். அண்ணைக்கு வந்த கோபத்தில் ஆங்கிலம் முழுக்க மறந்துபோயிற்று. "உள்ள வாறதெண்டா வாங்கோ, போறதெண்டா போங்கோ. கதவில நிண்டு யோசிக்காதேங்கோ. பிள்ளையளுக்குக் குளிருது" என்று சுத்தத் தமிழில் ஒரு போடு போட்டார். ஜெர்மன்காரர் ஒரு வார்த்தை புரியாமலே பயபக்தியோடு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

பிள்ளையள் என்றது ஈஸ்ட்டுகளைத்தான். ஈஸ்ட்டில் பல ரகம் உண்டு, ஸ்ட்ரெயின் என்பார்கள். உலகமெங்கும் அவற்றுக்கு எண்ணும் எழுத்துமாகத்தான் பெயர். அண்ணை உறவுமுறை வைத்திருந்தார். பரம்பரை பரம்பரையாக ஆய்வுக்கூடத்திலேயே வளர்ந்து, வேளாவேளைக்குச் சர்க்கரை சாப்பிட்டு, கஷ்டம் என்றால் என்னவென்றே தெரியாத ரகம் 'மாப்பிள்ளை'. ரொட்டிக் கடையிலிருந்து வந்தது 'பெரியம்மா'. லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் அவர் வீட்டுப் பக்கத்து ஓக் மரப் பட்டையிலிருந்து அவரே சுரண்டி எடுத்த காட்டு ரகம் 'குஞ்சியப்பு'. எங்கள் பக்கத்தில் சித்தப்பா என்போமே, அந்த உறவு. வாராந்தரக் கூட்டங்களில் பேராசிரியரே முகத்தைச் சுளிக்காமல், "மாப்பிள்ளைக்கு இந்த வாரம் உடம்பு எப்படி?" என்று கேட்குமளவுக்கு இது ஊறிப்போயிருந்தது.

இந்தப் பிள்ளைகளை வைத்து அண்ணை என்னதான் செய்துகொண்டிருந்தார்? ஈஸ்ட் செல் ஒவ்வொன்றிலும் பதினாறு குரோமோசோம்கள். ஒவ்வொன்றையும் சமையல் குறிப்புகள் நிறைந்த ஓர் ஏடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணை அதில் ஓர் ஏட்டுக்கு மட்டும் இன்னொரு நகல் செருகிவிடுவார். ஏடு இரண்டானால் அதிலுள்ள பதார்த்தமெல்லாம் இரண்டு பங்கு சமைக்கப்படும். சோறு அதே அளவு, சாம்பார் மட்டும் இரண்டு அண்டா. ஜீன் டோஸ் கூடிவிட்டது என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான். அண்ணையின் பாஷையில் 'மூட்டை ஏத்தியாச்சு'. மூட்டை மாப்பிள்ளை, மூட்டைக் குஞ்சியப்பு என்று ஒவ்வொரு ரகத்துக்கும் சுமை தூக்கிய சகோதரம் ஒன்று உண்டு.

ஒரு வீட்டில் சாம்பார் அதிகமானால் நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பார்கள். இன்னொரு வீட்டில் அடுப்படியே வழுக்கி ஆளுக்கொரு பக்கம் விழுவார்கள். ஈஸ்ட்டும் அப்படித்தான். அதே மூட்டையை ஒரு ரகம் சுலபமாகச் சுமக்கிறது, இன்னொன்று முதுகு ஒடிகிறது. சாதாரண நாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சூடோ பட்டினியோ வந்தால்தான் சாயம் வெளுக்கும். குஞ்சியப்புவிடம் இருந்து மாப்பிள்ளையிடம் இல்லாத அந்தச் சின்ன ஜீன் வித்தியாசம் எது என்பதுதான் அண்ணையின் தேடல்.

இந்த ஒரே தத்துவத்தை வைத்துக்கொண்டு அவர் ஊரையே அளந்தார். ஸ்ட்ரெதமில் ஒரு குடும்பம் பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, "பெடியன் எப்பிடி அண்ணை?" என்று அவரிடம் விசாரித்தார்களாம்.

"ஆரைக் கேட்டாலும் நல்லவன் எண்டுதான் சொல்லுவினம். சும்மா பாத்துச் சொல்லேலாது. கொஞ்சம் ஸ்ட்ரெஸ் குடுத்துப் பாக்கோணும்."

பெண்ணின் அப்பா அதைச் சிரமேற்கொண்டு, அடுத்த சனிக்கிழமை அந்தப் பையனை வீட்டுக்கு அழைத்து மூன்று மாடிக்கு ஒரு சோபாவைத் தூக்கவைத்துவிட்டார். பையன் சோபாவை மேலே சேர்த்துவிட்டு, வேறு ஏதாவது தூக்க வேண்டுமா என்று கேட்டானாம். கல்யாணம் நடந்தது. அண்ணைக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது.

இப்படிப்பட்டவருக்கே ஸ்ட்ரெஸ் வந்தது இரண்டு வருஷத்துக்கு முந்திய குளிர்காலத்தில். அவருடைய கான்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது. மூட்டை ரகங்களை முப்பதிலிருந்து முப்பத்தேழுக்கு மெல்லச் சூடேற்றி, எது தாங்குகிறது என்று காட்டுவதாகத் திட்டம். தெளிவான முடிவு இருந்தால் கான்ட்ராக்டை நீட்டலாம், இல்லாவிட்டால் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான் என்று பேராசிரியர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். ஐம்பதை நெருங்குகிற மனிதருக்கு வேறு வேலை எங்கே கிடைக்கும்? ஆறு வாரம் பாடுபட்டு அண்ணை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பருவத்துக்குக் கொண்டுவந்து ஆட்டுமேடையில் வைத்தார். திங்கட்கிழமை பரீட்சை.

வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. திங்கள் காலை நானும் அண்ணையும் சூட்டறைக் கதவைத் திறந்தால், இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு நாற்பத்திரண்டில் நின்றது. அந்த அறையில் அபாய மணி உண்டு, ஆனால் குளிர்ந்தால்தான் அது அடிக்கும். லண்டனில் ஓர் அறை அளவுக்கு மீறிச் சூடாகிவிடும் என்று அதைச் செய்தவனுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணை திருகை முப்பதுக்குத் திருப்பினார். நாற்காலியில் உட்கார்ந்தார். குடுவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு கால்வாசி திறந்தே கிடந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அந்தத் திறந்த கதவு வழியாக ரீத்தா அக்கா எட்டிப் பார்த்தார். மன்னார்க்காரர். மோர்டனிலிருந்து தினமும் வந்து எங்கள் மாடியைச் சுத்தம் செய்கிறவர். பாதித் துடைப்பில் அண்ணையோடு நின்று பேசாமல் போகமாட்டார்.

"டொக்டர் அண்ணை, பிள்ளையள் சுகமே? வெள்ளிக்கிழமை என்ன பனி! வீட்டுக்குப் போகேக்க இதுகள் ரெண்டு நாளும் விறைச்சுப் போகுங்களே எண்டு மனசு கேக்கேல்லை. திரும்பி வந்து சூட்டைக் கொஞ்சம் கூட்டி விட்டிட்டுத்தான் போனனான்."

கதவைத் திறந்து பிடித்த குற்றத்துக்கு ஜெர்மனியையே கிழித்தவர், இந்தக் குற்றத்துக்கு என்ன செய்யப்போகிறாரோ என்று பயந்தேன். அண்ணை ரீத்தா அக்காவை ஒரு கணம் பார்த்தார்.

"ஓம் ரீத்தா. சுகமா இருக்கினம்."

"கர்த்தர் காப்பாத்தினார்" என்று அக்கா வாளியை எடுத்துக்கொண்டு நிம்மதியாக நடந்தார்.

"அண்ணா, ஏன் சொல்லலை?" என்றேன்.

"என்னத்தைச் சொல்ல? பிள்ளையளுக்குக் குளிரும் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது நான். அவ நம்பிப் போட்டா." குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, வாயைத் திறக்காதேயும். கருவியில கை வச்சது தெரிஞ்சா அந்தக் கிளீனிங் கம்பனிக்காரர் இண்டைக்கே அவவை நிப்பாட்டிப் போடுவாங்கள்" என்றார்.

பிறகு எழுந்து, ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துத் தட்டுகளில் பரப்பினார். யார் பிழைத்தது என்று பார்க்கத்தான்; உயிரோடு இருப்பது தட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும். இரண்டு நாளில் தட்டுகள் பேசின. மாப்பிள்ளை பாதி பிழைத்தது. மூட்டை மாப்பிள்ளை தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. பெரியம்மா மூட்டையோடு முக்கி முனகிக் கொஞ்சம் முளைத்திருந்தது. குஞ்சியப்புவோ மூட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி மொசுமொசுவென்று வளர்ந்திருந்தது. அண்ணை அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "முப்பத்தேழு காணாது பிள்ளை, போதாது. அந்தச் சூட்டில எல்லாரும் நல்லவைதான். இன்னும் மேல போகோணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. துக்கமா சந்தோஷமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் விபத்தைச் சோதனை என்று சொல்லி ஒப்பேற்ற முடியாது. சூடு எப்போது ஏறியது, எவ்வளவு வேகத்தில் ஏறியது என்று ஒரு குறிப்பும் இல்லை. முதலிலிருந்து ஒழுங்காகச் செய்ய இன்னும் மூன்று மாதம் வேண்டும். அதைக் கேட்கத் தட்டுகளோடு பேராசிரியரிடம் போனார். துணைக்கு நான். பேராசிரியர் தட்டுகளை ஆவலோடு பார்த்தார். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டார்: "திருகை ஏற்றியது யார்?"

"நான்தான்" என்றார் அண்ணை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீயா?"

"நான்தான். யோசனையில்லாமல் செய்துவிட்டேன்."

இருபது வருஷமாக ஒரு டிகிரி விட்டுக்கொடுக்காத மனிதர், பன்னிரண்டு டிகிரியை அலுங்காமல் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். பேராசிரியர் நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டவரை என்ன செய்வது? மூன்று மாதம் கொடுத்தார். கூடவே தண்டனையும் கொடுத்தார். திருகுக்குப் பூட்டோடு ஒரு மூடி, சூட்டறைச் சாவி இனிமேல் பேராசிரியரிடம், நாற்காலி வெளியே. வேலை இருக்கும்போது மட்டும் சாவியை வாங்கி உள்ளே போய், முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூடத்து மாணவர்கள் 'நாற்பத்திரண்டு' என்று புதுப் பெயர் வைத்துச் சிரித்தார்கள். அண்ணையும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

பொறுமையாக அளந்து, குறித்து, மறுபடி செய்த சோதனையில் அதே முடிவு வந்தது. கான்ட்ராக்ட் நீண்டது. அந்தச் சின்ன ஜீன் வித்தியாசமும் பிடிபட்டது, சாவியும் திரும்பி வந்தது. போன வருஷம் அண்ணைக்கு ஸ்காட்லாந்தில் நிரந்தர வேலையே கிடைத்துவிட்டது. நேர்முகத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, சூட்டறையில் நாற்காலி போட இடம் உண்டா என்பதாகத்தான் இருக்கும். ரீத்தா அக்கா இன்றைக்கும் யாரைக் கண்டாலும், "அந்தப் பனிக்கு நான் கூட்டி விட்டபடியாத்தான் டொக்டற்ற பிள்ளையள் தப்பினது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை.

எனக்கு மறக்காதது சாவி இல்லாத அந்த மூன்று மாதம்தான். பொது அறையில் ஜன்னலோரம் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். ஜன்னல் சரியாகச் சாத்தாது. அண்ணை ஐந்து மேலாடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தொப்பியோடு, மூக்கு சிவந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ரீத்தா அக்கா துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"என்ன டொக்டர் அண்ணை, நீங்கள் வெளியில இருக்கிறியள்?"

அண்ணை கையுறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு ரீத்தா. இஞ்சதான் நல்ல காத்து."

அன்று மத்தியானமே நான் என் மேசையை இழுத்து அவர் மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். ஜன்னல் சந்து வழியாகக் காற்று ஊசியாகக் குத்தியது. ஆனாலும் லண்டனில் நான் உட்கார்ந்த இடங்களிலேயே கதகதப்பான இடம் அதுதான்.