அப்பா போட்ட வயரிங்

பிடிவாதத்தில் அப்பாவையே மிஞ்சிய என் தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கு நான், உன் அண்ணி, அம்மா மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவின் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக, முக்கியமாக வெளிச்சத்தில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் திங்கட்கிழமை நம் வீட்டு வயரிங் முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடப் போகிறேன். "அது அப்பா கை பட்ட வயர். தொட்டீங்கன்னா நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நீ போனில் சொன்னதை மறக்கவில்லை. ஆனால் நீ இருக்கும் ஊரில் சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிறது. அப்பா போய் இந்த இரண்டு மாதமாக நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியாது.

முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து, ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நிமிஷம்கூட விளக்கு அணையாமல் காத்த மனுஷன், சொந்த வீட்டுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் கிடைத்த வயரை வைத்து, தோன்றிய இடத்தில் எல்லாம் சுவிட்ச் வைத்தார். ஹால் ஃபேனுக்குச் சுவிட்ச் சமையலறையில், பாத்ரூம் லைட்டுக்கு என் அறை பீரோவின் பின்னால், தண்ணீர் மோட்டாருக்கு எங்கே என்பது அவருக்கே வெளிச்சம். நாம் யாராவது கையை நீட்டினால் "இரு இரு, நான் போடுறேன்" என்று சாப்பிட்ட கையோடு எழுந்து வருவார். "அப்பா, லைட்டு" என்று கத்தியே வளர்ந்த கழுதைகள் நாம். கணக்கு வாத்தியாராக ரிட்டயர் ஆகிவிட்டேன், இந்த வீட்டில் சொந்தமாக ஒரு சுவிட்ச் போட்டவனில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் பேனா மாதிரி ஒரு கரண்ட் டெஸ்டர் இருக்கும். உன் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று உன் மாமனார் பேனா கேட்க, இவர் டெஸ்டரை நீட்ட, அவரும் அதை வைத்து இரண்டு தடவை கையெழுத்துப் போட்டுப் பார்த்தாரே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு எனக்கு மானம் போயிற்று. இன்றைக்கு அந்த டெஸ்டர் என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஆனால் உட்கார்ந்து அழ எங்கே நேரம்? போன வாரம் அப்பாவோடு வேலை பார்த்த நர்ஸம்மா துக்கம் விசாரிக்க வந்தார். அவருக்கு வியர்க்கிறதே என்று ஃபேன் என நினைத்து ஒன்றைப் போட்டேன். ஃபேன் சுற்றவில்லை. அப்பா எவ்வளவு பொறுப்பானவர் என்று கண்ணைத் துடைத்தபடி அரைமணி நேரம் சொன்னார், அந்த அரைமணியும் மோட்டார் ஓடியிருக்கிறது, அவர் விடைபெற்று வாசலில் இறங்கியதும் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து அவரைத் தலையோடு குளிப்பாட்டி அனுப்பிவைத்தது. மறுநாள் நான் பீரோவை நகர்த்தப் போக, பாத்ரூமில் சோப்பு நுரையோடு இருட்டில் நின்ற உன் அண்ணி என் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். நானும் வாத்தியார் புத்தியோடு இருபத்தேழு சுவிட்சுக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன். ஒன்றைப் போட்டால் இன்னொன்றின் வேலை மாறுகிறது. "ஹால் லைட், ஆனால் மோட்டார் ஓடும்போது இல்லை" என்றெல்லாம் எழுதி, சுவரில் இடம் தீர்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சார், இதைப் போட்டவரையே ஒரு தடவை வரச் சொல்லுங்களேன்" என்றார். சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் கை காட்டினேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். முந்தாநாள் சாயங்காலம் அம்மா இருட்டில் தடுமாறி விழுந்துவிட்டாள். கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். "கூப்பிட்டேன்டா. பழக்கத்துல அவரைக் கூப்பிட்டுட்டேன்" என்கிறாள். இதற்கு மேலும் தள்ளிப்போட என்னால் முடியாது. அப்பாதான் போய்விட்டார், அம்மாவாவது கை கால் முறியாமல் இருக்க வேண்டும். நீ கோபித்துக்கொண்டாலும் சரி, என் முடிவில் மாற்றம் இல்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் உன் கோபம் குறைந்த ஆயுளோடும் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் எலக்ட்ரீஷியன் இன்றைக்கே வந்து வேலையை ஆரம்பித்துவிட்டார். சமையலறைக் கதவோரம், அம்மா தொட விடாததால் நான் வெறும் சீட்டு ஒட்டியிருந்த சுவிட்சைக் கழற்றியவர், இதன் பின்னால் வயரே இல்லையே என்றார். அம்மா நொண்டிக்கொண்டே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது லைட்டுக்கு இல்ல தம்பி. எங்களுக்குள்ள சண்டை வந்தா அவர் வாயைத் திறந்து மன்னிப்புக் கேக்க மாட்டார். இதைப் போட்டுட்டுப் போயிடுவார். நான் வந்து அணைச்சா எனக்குக் கோபம் தீந்துதுன்னு அர்த்தம். கடைசியா ஆஸ்பத்திரியில சேந்த அன்னைக்குக் காலையிலயும் போட்டார். நான் அணைக்கல" என்றாள். சுவிட்ச் இன்னும் போட்டபடியே இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மாற்றிவிடலாமே என்று எலக்ட்ரீஷியன் மெதுவாகக் கேட்டார். நியாயம்தான். ஆனால் மற்ற இருபத்தாறில் எது எது லைட்டுக்கு, எது எது அம்மாவுக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரை அனுப்பிவிட்டேன். நீ வரும்போது டார்ச்லைட் நாலு வாங்கி வா.