பஞ்சாட்சரத்தின் கடைசிப் பக்கம்

எழுபத்தெட்டாம் வருஷம், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், உத்திரமேரூர் பத்திர எழுத்தர் பஞ்சாட்சரம் சட்னி போதவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்துவிட்டது.

"அம்முலு, இன்னியிலேருந்து நான் எழுத்தாளன்."

வயது நாற்பத்தேழு. முன்வழுக்கை. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. அறிவிப்பைக் கேட்ட மனைவி அம்முலு தோசைக்கல்லிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

"இருவது வருசமா அத்தத்தானே பண்ணிக்கினு கீறீங்க?"

"அது பத்திரம். இது பத்திரிகை."

"இன்னா வித்தியாசம்?"

"பத்திரத்துல உள்ளதத்தான் எழுதணும். பத்திரிகையில இல்லாததக்கூட எழுதலாம்."

"அப்ப உங்களுக்கு சௌகரியம்தான்" என்றாள் அம்முலு. "நீங்க பத்திரத்துலயே அப்டித்தானே எழுதனீங்க."

பஞ்சாட்சரத்துக்குச் சுருக்கென்றது. எதைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரும் அண்ணன் வேதாசலமும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு. நடுக்கொல்லையில் அப்பா வைத்த மாமரமும் தம்பிக்கே என்று பேச்சு. பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பஞ்சாட்சரமே எழுதினார். எல்லைச் சுவர் மாமரத்துக்குக் கிழக்கே வரும் என்று எழுத வேண்டியதை மேற்கே என்று எழுதிவிட்டார். பதிவும் ஆகிவிட்டது. சுவர் எழும்பியபோது மரம் அண்ணன் பக்கம் நின்றது.

'நான்தான் தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, சுவத்த இடிச்சிடறேன்' என்றார் வேதாசலம். ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுகிறவன் தன் வீட்டுப் பத்திரத்தில் கோட்டை விட்டதாகத் தன் வாயாலேயே சொல்வதாவது? 'அண்ணன் மரத்தை அமுக்கிக்கினாரு' என்று சொல்வது சுலபமாக இருந்தது. அதையே சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது.

முதல் கதையைப் பஞ்சாட்சரம் மூன்று நாளில் முடித்தார். காதல் கதை. அது இப்படித் தொடங்கியது: 'கிழக்கே பஞ்சாயத்துக் கிணறு, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே ஏரிக்கால்வாய், தெற்கே சர்க்கார் புறம்போக்கு, இதன் மத்தியில் சுமார் ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள மங்கையொருத்தி, யாதொரு வில்லங்கமும் இன்றி நின்றுகொண்டிருந்தாள்.'

காஞ்சிபுரத்திலிருந்து வரும் 'பாலாற்று மலர்' என்ற மாதப் பத்திரிகைக்கு அனுப்பினார். பத்தே நாளில் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'கையெழுத்து புரியவில்லை. தமிழில் எழுதி அனுப்பவும்.'

அது தமிழ்தான். ஆனால் இருபது வருஷமாகப் பத்திரம் எழுதி எழுதி அவருடைய எழுத்துகள் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு ஓடப் பழகியிருந்தன. பதிவு ஆபீஸுக்கு வெளியே அவற்றை யாருக்கும் அடையாளம் தெரியாது.

"நான் எழுதித் தரட்டுமா?" என்றாள் அம்முலு. வாலாஜாபாத்தில் எட்டாவது வரை படித்தவள். கோலம் போட்ட மாதிரி எழுதுவாள்.

"நீயா?"

"கத உங்களுதுதான். நான் வெறும் கை."

அந்த வாரம்தான் அண்ணன் மகள் புவனாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஊரையே கூப்பிட்ட வேதாசலம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த சித்தப்பனைக் கூப்பிடவில்லை. அம்முலுவுக்குப் பிள்ளை இல்லை. புவனாவை நடக்கப் பழகும்வரை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள். அன்று முழுக்க அம்முலு ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது.

பஞ்சாட்சரத்துக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் இரண்டாவது கதை வந்தது.

ஒரு பேராசைக்கார அண்ணன். ஓர் அப்பாவித் தம்பி. நடுவில் ஒரு மாமரம். எட்டுப் பக்கம் அண்ணனை வைது தீர்த்தார். ஒன்பதாம் பக்கத்தில், மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் அண்ணன் மாவடு பறிக்க மரத்தடிக்குப் போகிறான். வானம் பிளந்து இடி விழுகிறது. அண்ணன் சாம்பல். மரத்துக்கு ஓர் இலைகூடக் கருகவில்லை.

"எப்டி?" என்றார், படித்துக் காட்டிவிட்டு.

"மரம் தப்பிச்சிதே, அந்த மட்டும் நல்லது" என்றாள் அம்முலு. "குடுங்க, எழுதி வெக்கறேன்."

மறுநாள் மத்தியானம் ஒன்பது பக்கமும் தயாராக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போடுவது பஞ்சாட்சரத்தின் தொழில் பழக்கம். முதல் இரண்டு பக்கம் படித்தார். தன் வசவு அவ்வளவு அழகான எழுத்தில் இருப்பதைப் பார்க்க அவருக்கே பெருமையாக இருந்தது.

"மூணு மணிக்கு தபால் கட்டக் கட்டிடுவாங்க" என்றாள் அம்முலு. "இப்ப மணி ரெண்டே முக்கா."

வருகிறவர்களிடமெல்லாம் 'படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுய்யா' என்று கத்துகிற மனிதர், மீதி ஏழு பக்கத்திலும் படிக்காமல் போட்டார்.

அப்புறம் இருவரும் காத்திருந்தார்கள்.

"பத்திரிகை வந்துச்சா?" என்று தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்பார்.

"பத்திரிகை வந்துச்சா?" என்று அவர் வீடு திரும்பும்போதெல்லாம் அம்முலு கேட்பாள்.

நம் எழுத்தில் இவளுக்குத்தான் எத்தனை அக்கறை என்று பஞ்சாட்சரம் உருகிப்போனார். அவள் கேட்டது புவனாவின் கல்யாணப் பத்திரிகையை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஞ்சாட்சரம் முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். வாசலில் செருப்புச் சத்தம். ஆறடி வேதாசலம் உள்ளே வந்தார். கையில் சுருட்டிய 'பாலாற்று மலர்'.

பஞ்சாட்சரம் கண்ணாடியில் கொல்லைக் கதவைப் பார்த்தார். அதை அடைத்துக்கொண்டு அம்முலு நின்றிருந்தாள்.

"டேய் பஞ்சா. இத எழுதனது நீதானா?"

"நான் இல்லண்ணே. அது வேற யாரோ பஞ்சாட்சரம்."

"உத்திரமேரூர்னு போட்டுக்கீதே."

"அச்சுப் பிழையா இருக்கும்ண்ணே."

வேதாசலம் எதிரில் உட்கார்ந்தார். "உங்கண்ணி படிச்சுக் காட்டனா. எட்டுப் பக்கம் கேட்டேன். கம்ப எடுத்துக்கினு கெளம்பிட்டேன். 'இருங்க, கடைசிப் பக்கத்தயும் கேட்டுட்டுப் போய் அடிங்க'ன்னா. கேட்டேன்." சுருட்டிய பத்திரிகையைப் பிரித்து நீவினார். "ரெண்டாந்தரம் படிக்கச் சொன்னேன்."

இடி விழுந்து செத்ததை இவர் ஏன் இரண்டாந்தரம் கேட்டார் என்று பஞ்சாட்சரத்துக்கு விளங்கவில்லை. பத்திரிகையை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தன் கதையின் முடிவை முதன்முதலாகப் படித்தார்.

இடி இல்லை. தம்பி அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறான். சொல்கிறான்: 'அண்ணா, மரத்தை நீ எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் திசை தவறி எழுதிவிட்டேன். எழுதுகிறவன் தப்பாக எழுதினான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பதில் உன்னைத் திருடன் என்று ஆறு வருஷம் சொல்லிவிட்டேன். இத்தனை பக்கமும் உன்னைத் திட்டியது அந்த வெட்கம்தான்.'

அந்த வெட்கத்தைப் பஞ்சாட்சரம் யாரிடமும் சொன்னதில்லை. கட்டின மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நுரைக்கு நடுவே ஒரு சொட்டு இறங்கி வழி பண்ணிக்கொண்டு போயிற்று.

"இத எப்டி எழுத மனசு வந்துச்சு ஒனக்கு?" என்று கேட்டு, வேதாசலம் அவர் தோளில் கைவைத்தார். ஆறு வருஷத்துக்குப் பின் விழுந்த கை. கனமாக இருந்தது.

நான் எழுதவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். ஒன்பது பக்கத்திலும் தன் கையெழுத்து இருப்பது நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டவன் பிறகு மறுத்தால் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. அண்ணனின் கை தோளைவிட்டு எடுபடவும் கூடாது என்றிருந்தது.

"என்னமோ, வந்துச்சுண்ணே" என்றார்.

வேதாசலம் மடியிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். தம்பியிடம் கொடுக்காமல் அம்முலுவிடம் நீட்டினார். "புவனா கல்யாணத்துக்கு நீ முன்னாடி நின்னாத்தாம்மா ஆவும்."

அவர் போனதும் பஞ்சாட்சரம் கேட்டார். "ஏண்டி, இடி எங்கே?"

"எடுத்துட்டேன்."

"யாரக் கேட்டு?"

"உங்க கத மாசி மாசத்துல நடக்குது. மாசியில ஏதுங்க இடி? படிக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

வேறு வழியில் வந்தார். "அண்ணி எப்டி சரியா கடைசிப் பக்கம் வரைக்கும் அவர நிறுத்தி வெச்சாங்க?"

"கனகாக்காதானே அந்தப் பக்கத்த எங்கூட ஒக்காந்து சொல்லி எழுதனது."

"நீங்க ரெண்டு பேரும் பேசறீங்களா?"

"சண்ட உங்களுக்கும் மாமாவுக்கும்தானே?" என்றாள் அம்முலு. "நாங்க ஒரு நாள்கூட விட்டதில்லயே. செவ்வாக்கெழம தவறாம நான் சந்தைக்குப் போறது எதுக்குன்னு நெனச்சீங்க?"

சித்திரையில் வாலாஜாபாத் சத்திரத்தில் கல்யாணம். 'அண்ணன் தம்பிய சேத்து வெச்ச கத எழுதனவரு' என்று ஆளுக்கு ஆள் விரலை நீட்டினார்கள். பஞ்சாட்சரம் புது ஜிப்பாவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உலாவினார். கதையால் மனிதர்களைச் சேர்ப்பது பற்றிச் சமையல்காரரிடம்கூடப் பேசினார்.

சாப்பாடு முடிந்ததும் தாமலிலிருந்து வந்திருந்த பாண்டுரங்கன் என்பவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். மூன்று வருஷமாகத் தங்கச்சியோடு பேச்சு இல்லையாம். அதற்கும் ஒரு கதை வேண்டுமாம்.

பஞ்சாட்சரம் நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு பேனாவில் நல்லதாக ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினார். "ஒக்காருங்க. மொதல்லேருந்து சொல்லுங்க."

"நீங்க உங்க இஷ்டத்துக்கு எழுதுங்க சார், அதுல ஒண்ணும் இல்ல" என்றார் பாண்டுரங்கன், அவர் தோளுக்கு மேலாகப் பந்தியை எட்டிப் பார்த்தபடி. "உங்க வீட்டம்மா சாப்ட்டாங்களா? முடிவப் பத்தி அவங்ககிட்ட பேசணும்."