இருநூற்று முப்பது வோல்ட் சம்பந்தம்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், நீங்கள்தான் கவனித்திருக்க மாட்டீர்கள். பெருக்கல்காரர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன். அடுத்தவர் வீட்டில் எந்தக் கரண்டு சாமானைக் கண்டாலும் குனிந்து, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வாட் சொல்லி, வகுத்து ஓம் சொல்லி, காபி வந்த பிறகுதான் நிமிர்வார். யாராவது கேட்டோமா? இல்லை.

எங்கள் ஆரணிக்கு வாய்த்தவர் சம்பந்தம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மல்டிமீட்டர், ஆனால் அதை அவர் வெளியே எடுத்து ஒருவரும் பார்த்ததில்லை. "கம்பெனிக்காரனே அடிச்சுக் குடுத்துட்டான், அப்புறம் இன்னாத்துக்கு அளக்கணும்?" என்பார். சாவு வீட்டுக்குப் போனாலும் குளிர்பெட்டியின் ஆம்பியரைப் பார்த்துவிட்டுத்தான் மாலை போடுவார்.

போன மாசம் மாட்டியவள் எதிர்வீட்டு ரேணுகாதேவி. தறியில் பாதி ஏறிய முகூர்த்தப் புடவை, வெள்ளிக்கிழமை பெண்வீட்டார் வந்து நிற்பார்கள். கடைசியாக ஒரே ஒரு கழி பட்டு நூலுக்கு அரக்குச் சாயம் போட வேண்டும். தண்ணீர் ஆவி பறந்து, கொதிக்கப் போகிற பதத்தில் நூலைப் போட வேண்டும். சூடு பத்தாவிட்டால் திட்டுத் திட்டாகிவிடும், வேறு நூலும் கிடையாது. அன்று பார்த்து கேஸ் தீர்ந்துபோக, ஹீட்டர் ராடைப் பாத்திரத்தில் தொங்கவிட்டாள். சம்பந்தத்துக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"இருநூத்தி முப்பது வோல்ட்டு, எட்டு புள்ளி ஏழு ஆம்பியர். பெருக்கு, ரெண்டாயிரம் வாட்டு. வகுத்தா இருபத்தாறு புள்ளி நாலு ஓம். பத்து லிட்டர் தண்ணி, தொண்ணூறு டிகிரி வர்றதுக்கு இருபத்தோரு நிமிஷம். வாட்ச்சப் பாத்துகினே இரு!"

இருபத்தோராவது நிமிஷம் கத்தினார்: "சுவிட்ச அணைச்சுட்டு நூலப் போடு ரேணுகா, ஜல்தி!"

அவள் அசையவில்லை. "ஒரு குமிழி கூட வரலியேண்ணா. டியூப்லைட்டு வேற அழுதுகினு கீது. தெரு முச்சூடும் மோட்டாரு ஓடுற நேரம், கரண்டு கம்மியாத்தான் வரும்."

"கணக்கு பொய் சொல்லுமா?"

"பேஜாரு பண்ணாதீங்கண்ணா, போனா என் நூலு போவும். பாக்கெட்டுல தூங்குதே, அத்த ஒருவாட்டி சொருகித்தான் பாருங்களேன்."

மல்டிமீட்டர் முதல் தடவையாக வெளிச்சத்தைப் பார்த்தது. நூற்று எழுபத்தெட்டு வோல்ட்! மனுஷன் வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? முகமெல்லாம் பல்.

"நூத்தி எழுபத்தெட்ட அதாலயே பெருக்கி, ஓமால வகுத்தா ஆயிரத்தி இருநூறு வாட்டு! அப்ப முப்பத்தஞ்சு நிமிஷம். நான் அப்பவே சொல்லல?"

முப்பத்தைந்தாவது நிமிஷம் தண்ணீர் பதத்துக்கு வந்தது. சாயம் ஒரே சீராக ஏறியதைப் பார்த்து ரேணுகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை புடவை போய்ச் சேர்ந்தது. அதைக் காப்பாற்றியவர் யார் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சம்பந்தம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, சிரித்தது போதும். இருநூற்று முப்பதை எட்டு புள்ளி ஏழால் பெருக்கினால் இரண்டாயிரம் இல்லை, இரண்டாயிரத்து ஒன்று என்று செல்போனில் தட்டிப் பார்த்தீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நூல் என்ன ஆகுமோ என்று அவள் பதறிக்கொண்டிருந்த நேரத்தில், உங்களுக்கு அந்த ஒரு வாட்தான் பெரிதாகப் போயிற்றா?