எங்கன அண்ணாச்சியும் என் நாலு நோட்ரம்ப்பும்

அறுபது வயது வரை யாரிடமும் ‘எத்தனை’ என்று கேட்காமலே காலம் தள்ளிய மனிதர் தென்காசியில் ஒருவர்தான். எங்கன அண்ணாச்சி. ஹார்டுவேர் கடை முதலாளி. ஸ்குரூ வாங்கப் போனால், “எங்கன போடப் போறிய?” என்பார். எங்கள் பக்கத்தில் ‘எங்கன’ என்றால் எங்கே. இரண்டு டஜன் என்று நாமே சொன்னாலும் விடமாட்டார். கதவா, ஜன்னலா, மேலேயா, கீழேயா என்று அவர் விசாரித்து முடிப்பதற்குள் அந்தக் கதவே கழன்று விழுந்திருக்கும்.

“எத்தனை நாளா காய்ச்சல்?” என்று கேட்ட டாக்டரிடமே, “நாளை எண்ணி என்ன செய்யப் போறிய? எங்கன வலிக்குன்னு கேளுங்க” என்றவர். குற்றாலத்தில் எத்தனை அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேட்டு ஒரு வெளியூர்க்காரர் வசமாக மாட்டிக்கொண்டார். “மூணுன்னா மூணுலயும் ஒரே நேரத்துல நிப்பீரோ? எங்கன விழுதுன்னு கேளும்வே!”

இந்த வியாதி அவருக்கு பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பிடித்தது. இரண்டு ஜோடிகள் ஆடுகிற ஆட்டம். எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் கூட்டாளி. நாலு பேரும் ஒவ்வொரு சீட்டாக இறக்க, பெரிய சீட்டுக்காரர் அள்ளுவது ஒரு பிடி. பதின்மூன்று பிடியில் பன்னிரண்டு எங்களுக்கே என்று முதலிலேயே ஏலம் கூறினால் அதற்குப் பெயர் ஸ்லாம். அதற்குத் துணிய இரண்டு வழி உண்டு. ‘நாலு நோட்ரம்ப்’ என்று சொல்லி, கூட்டாளியிடம் எத்தனை ஏஸ் இருக்கிறது என்று கேட்பது ஒன்று. ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்று எதெதில் பலம் என்பதை இருவரும் ஏலத்திலேயே மாறி மாறிக் காட்டிக்கொண்டு போவது இன்னொன்று. கேட்கிற முறை என்றாலே அண்ணாச்சிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“எத்தனைன்னு தெரிஞ்சு நாக்கு வழிக்கவா? ஓட்டை எங்கன இருக்குன்னு தெரியணும்லே!”

இந்த வருடச் சாரலில் குற்றாலத்து லாட்ஜ் மாடி ஒன்றில் எங்கள் பிரிட்ஜ் கிளப்பின் ஆட்டம் நடந்தது. அடுத்த மாதம் மதுரைப் போட்டிக்குப் போகும் அணியில் மூன்று பேர் முடிவாகியிருந்தார்கள். நாலாவது ஆள் அண்ணாச்சியா நானா என்று, எங்களை ஜோடியாக ஆடவிட்டுப் பார்த்துச் செயலாளர் சொல்வதாக ஏற்பாடு. மதுரைக்குப் போவது அண்ணாச்சிக்குப் பல வருடத்து ஆசை. எனக்குப் போன வருடம் வந்த ஆசை.

“இன்னைக்கு முழுக்கக் காட்டுத முறைதான். கேக்கப்படாது. சரியாலே?”

“சரி அண்ணாச்சி.”

கடைசி ஆட்டத்தில் சீட்டை விரித்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஸ்பேட் வரிசையாக நின்றது. இரண்டு ஏஸ் வேறு. டைமண்டில் மட்டும் இரண்டு சில்லறைச் சீட்டு. செயலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கெத்தாக, “நாலு நோட்ரம்ப்” என்றேன்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. தன்னிடம் ஒரு ஏஸ் என்று முறைப்படி பதில் சொன்னார். மொத்தம் மூன்று, போவது ஒரே பிடி என்று கணக்குப் போட்டு ஸ்லாம் கூறினேன். எதிர் ஜோடியில் இருந்த சுரண்டை ஊர்க்காரர் டைமண்ட் ஏஸை இறக்கினார். அடுத்து டைமண்ட் ராஜாவை இறக்கினார். இரண்டு பிடி போய், ஸ்லாம் அங்கேயே படுத்துவிட்டது. அண்ணாச்சியிடமும் டைமண்டில் சில்லறைதான். காட்டிக்கொண்டு போயிருந்தால் அந்த ஓட்டை ஏலத்திலேயே தெரிந்திருக்கும்.

“கேக்கச் சொன்னது யாரு?” என்றார் செயலாளர்.

“நாந்தான்” என்றார் அண்ணாச்சி. “இன்னைக்குக் கேட்டுப் பாருலேன்னு காலைல நாந்தான் இவங்கிட்ட சொன்னேன்.”

மாடியே சிரித்தது. உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் வாழைக்காய் பஜ்ஜியை வைத்து அடைத்துக்கொண்டேன். நாலாவது இடம் எனக்குக் கிடைத்தது.

மறுநாளிலிருந்து கடைக்கு வருகிறவர்களெல்லாம் அவரைக் கேலி செய்தார்கள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! போன வாரம் நான் போனபோது ஒருவரிடம், “ஆணி எத்தனை வேணும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

“ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னிய?”

“கூட்டாளி பேச்சை மீறுதவன்னு பேரு வந்தா உன் எதிர்ல எவன் உக்காருவான்? நீ இன்னும் ரொம்ப நாள் ஆடணும்லே.”

எங்கள் செயலாளர் இந்தப் பத்திரிகையை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர். ஐயா, கேட்டது நான். அண்ணாச்சி பேச்சை மீறியதும் நான். வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். மதுரைக்கு அவரை அனுப்புங்கள். அவர் திரும்பி வந்ததும் எதிரே உட்கார்ந்து திட்டு வாங்க எனக்கு ஒரு நாற்காலி இருந்தால் போதும்.