பாய்மரக் கம்பத்தில் ஒரு தூளி

குழந்தையைத் தூங்கவைக்கப் போராடும் தாய்க்கு எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் தூளி கட்டத்தான் தோன்றும். எனக்கு அது கடலில், பாய்மரப் படகில் தோன்றியது.

என் கணவர் நிஜாம் துபாயில் படகு ஓட்டக் கற்றவர். ஒரு முதலாளியின் பாய்மரப் படகை அந்தமான் பக்கத் தீவுகளில் சில மாதங்கள் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கிடைத்தது. குடும்பத்தோடு தங்கலாம் என்றார்கள். கோட்டக்குப்பத்தில் இருக்கும் மாமியாருக்கு இது அறவே பிடிக்கவில்லை.

"கைக்குழந்தையத் தூக்கிக்கினு கடல்ல போய் குடித்தனமா? திண்டிவனத்துக்காரி, உனக்குத் தண்ணியப் பத்தி என்னா தெரியும்?"

நியாயமான கேள்வி. (பதில் தெரியாததால், நான் இயற்பியல் படித்தவள் என்று சொல்லிவைத்தேன்.)

படகில் நான் எதையும் ஒரு முறை பார்த்துத் திருப்தியடைந்ததில்லை. அடுப்பை அணைத்தேனா, குடிதண்ணீர்க் குழாயை மூடினேனா, ஆயிஷாவின் மிதவைச் சட்டை இறுக்கமா, ரொம்ப இறுக்கமா? ஆயிஷா மட்டும் தூங்கவே மாட்டாள். பிறந்ததிலிருந்து தூளியில் வளர்ந்த குழந்தைக்குப் படகின் மெத்தை பிடிக்கவில்லை.

அன்று ஆளில்லாத ஒரு தீவருகே நங்கூரம் போட்டிருந்தோம். படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்ட நிஜாம் தண்ணீரில் இறங்கியிருந்தார். மேல்தளத்தில், பாய்மரத்திலிருந்து படுக்கைவாட்டில் ஒரு கம்பம் நீண்டிருந்தது. பாயைச் சுருட்டிவைத்திருந்ததால் அதற்கு வேலையும் இல்லை. பழைய நூல் சேலையைக் கட்டி, முடிச்சைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். கம்பத்தின் நுனியிலிருந்து தளத்துக்கு இறங்கிய ஒரு கயிறுதான் இடைஞ்சல். குழந்தையின் தலையில் உரசுமே என்று அதன் கீழ்முனையை அவிழ்த்துவிட்டேன். (கம்பத்தை அசையாமல் பிடித்திருந்ததே அந்தக் கயிறுதான். இயற்பியல் இதை எனக்குச் சொல்லவில்லை.)

ஆயிஷா உடனே தூங்கிவிட்டாள். ஒரு தாயாகத் தேறிவிட்டேன் என்று நான் நினைத்த நேரம், தூரத்தில் போன கப்பலின் அலை வந்து படகைச் சாய்த்தது. கதவு திறப்பதுபோல் கம்பம் நிதானமாக வெளியே திரும்பியது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் என் மகள் கடலுக்கு மேலே இருந்தாள்.

நிஜாம் தலையைத் தூக்கினார். "பர்வீன், மேல என்னா தொங்குது? துணி காயவெச்சிருக்கியா?"

"பாப்பாங்க."

"எந்தப் பாப்பா?"

"நம்மளுதுதான்."

நீச்சல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு தூளிக்குக் கீழே நீந்தி வந்து இரண்டு கைகளையும் மேலே நீட்டினார். கால் எட்டாத தண்ணீரில் இரண்டு கைகளையும் தூக்கினால் ஆள் மூழ்குவான். அவரும் மூழ்கினார். மேலே வந்து, மறுபடி கைகளை நீட்டி, மறுபடி மூழ்கினார்.

"இது வேலைக்கு ஆவாது. நீ அவுத்துவுட்ட கயிறு இங்க மெதக்குது. வீசறேன், ஜல்தியா இழு."

"ஜல்தின்னா, வேகமாவாங்க?"

"ஜல்தியாப் பிடி. மெதுவா இழு."

தெரிந்த துஆக்களையெல்லாம் சொல்லிக்கொண்டே இழுத்தேன். கம்பம் தளத்துக்கு மேலே வந்ததும் குழந்தையை அள்ளி எடுத்தேன். அதுவரை அசந்து தூங்கியவள், ஆட்டம் நின்ற கோபத்தில் வீறிட்டாள்.

நிஜாம் ஏறி வந்து கயிற்றைக் கட்டினார். தூளியின் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். கடைசியில், "முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்க" என்றார். அத்தனை இறுக்கமாகப் போட்டிருந்ததால் அதை என்னால் அவிழ்க்கவே முடியவில்லை.

மாமியாருக்குத் தெரியவேண்டாம் என்று பேசிவைத்துக்கொண்டோம். சிக்னல் கிடைத்த முதல் அழைப்பிலேயே அவர் மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

போன மாதம் கோட்டக்குப்பத்தில் நாத்தனாரின் குழந்தைக்குத் தூளி கட்டும்போது, சேலையின் ஒரு முனையைப் பிடிக்கலாமே என்று நான் எழுந்தேன். மாமியார் சமையற்கட்டிலிருந்தே குரல் கொடுத்தார்.

"பர்வீன் கட்டுறாளா? அப்ப கீழ ஒரு ஆள நீந்தச் சொல்லுங்க."